கழுவாத வண்டி

தாண்டவராயன் ஒரு டிராக்டர் டிரைவரை அறைந்தார். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

ஆடி மாதத்து முதல் மழை பெய்து நிலம் பதமாக இருந்தது. ஏரிக்குக் கீழே மடத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் விளைவதைத்தான் மடத்துக்காரர்களும் வழிப்போக்கர்களும் சாப்பிட வேண்டும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதை உரித்துத் தயாராக இருந்தது. காலையில் உழ வருகிறேன் என்று சொன்ன பச்சையப்பன் பொழுது சாயும்போது வந்து நின்றான்.

"பாதி வழியில லைட் எரிஞ்சுது சாமி. வண்டி நகரவே மாட்டேன்னுடுச்சு."

"லைட் எரிஞ்சா வண்டி நிக்குமா? யார்கிட்டடா கதை விடுற?"

அடுத்து விழுந்தது அறை. காவி கட்டியவரின் கை. ஊர்க்காரர்கள் நாலு பேர் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து ஊரில் ஒரு டிராக்டர்கூட மடத்து நிலத்துக்கு வரவில்லை. கேட்டால், "வண்டி ரிப்பேர்" என்றார்கள். எல்லா வண்டியும் ஒரே நாளில் ரிப்பேராகுமா? விதை மூட்டை மூலையில் கிடந்தது. மண்ணில் ஈரம் காய்ந்துகொண்டே வந்தது.

"இவரை அனுப்பிடுங்கம்மா. இவர் இருக்கிற வரைக்கும் ஏர் இறங்காது" என்று மடத்தில் மற்றவர்கள் நேராகவே சொன்னார்கள். மடத்தை நடத்துகிற உண்ணாமலை அம்மை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தாண்டவராயனுக்கு ஐம்பத்தேழு. அரிசி மில்லை விட்டுவிட்டு, தன்னைவிட இளையவளைக் குருவாக ஏற்று வந்தவர். மில்லை விடுவது சுலபமாக இருந்தது. கோபம்தான் கூடவே வந்துவிட்டது.

அவர் பேச்சை நிறுத்தினார். ஒரு வேளைதான் சாப்பிட்டார். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டினார். "ஆளே மாறிட்டாரே!" என்று அனுப்பச் சொன்னவர்களே பேசிக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு நாள் காலையில் அம்மை, "சொந்தமா ஒரு பழைய டிராக்டர் வாங்கிடலாம். நீங்களும் வாங்க" என்றார்.

பஸ்ஸில் தாண்டவராயன் வாயைத் திறந்தார்.

"அம்மா, நான் மடத்துல இருக்கலாமா, போகணுமா? எதுன்னாலும் சொல்லிடுங்க."

"முதல்ல வண்டியைப் பார்ப்போம்."

"இப்பல்லாம் எனக்குக் கோபமே வர்றதில்லைம்மா."

"எங்க போச்சு?"

"போயிடுச்சு. சுத்தமா போயிடுச்சு."

அம்மை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய வண்டிகள் விற்கிற இடம் பைபாஸ் ஓரம் இருந்தது. புரோக்கர் மணவாளன் ஓடி வந்தார்.

"வாங்கம்மா. உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு. மூணு வருஷ வண்டி. பேருக்குத்தான் பழசு."

வண்டி பளபளவென்று நின்றது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் சின்ன டிவி மாதிரி ஒரு ஸ்கிரீன். இன்ஜினில் ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது. கீழே தரைகூடச் சுத்தம்.

தாண்டவராயனுக்குப் பிடித்துப்போயிற்று. இதில் ஏறி உட்கார்ந்து, வண்டி ரிப்பேர் என்று சொன்னவர்கள் வீட்டு வாசல் வழியாக ஒரு முறை மெதுவாகப் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"இதுல என்ன குறை?" அம்மை கேட்டார்.

"குறையா? ஒண்ணுமே இல்லம்மா! இருந்தா ஸ்கிரீன்ல லைட் எரியும். பாருங்க, எரியுதா?"

"எரிஞ்சா?"

"கம்பெனி ஆள் லேப்டாப் எடுத்துட்டு வருவான். சொருகிப் பார்த்து என்னன்னு சொல்லிடுவான்."

"அவர் வர்ற வரைக்கும்?"

"வண்டி நிக்கும். அது சும்மா சென்சார்தாம்மா, ஆனா நகராது. நடுரோட்டுல நின்னு டிரைவருங்க திட்டு வாங்குவானுங்க, பாவம். அவன் என்ன பண்ணுவான்?"

மணவாளன் சிரித்தார். தாண்டவராயன் சிரிக்கவில்லை. பச்சையப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர் கண்ணுக்குள் வந்தது. அம்மை தன்னைப் பார்ப்பார் என்று நினைத்தார். அம்மை பார்க்கவில்லை. வேறு பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

கடைசியில், மண்மேட்டில் ஒரு கிழட்டு டிராக்டர் நின்றது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தது. இன்ஜின் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தது. அடியில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. அதன் சொந்தக்காரர் ஆரோக்கியம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"விக்க வந்த வண்டியைக் கழுவக்கூட மாட்டீங்களா?" தாண்டவராயன் முகத்தைச் சுளித்தார்.

"கழுவினா எங்க ஒழுகுதுன்னு தெரியாதேங்க. அப்புறம் வாங்குறவர் எப்படிப் பார்ப்பாரு?"

"என்னென்ன குறை?" அம்மை அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒழுகல் கண்ணால பார்க்குறீங்க. பேட்டரி அப்பப்போ தூங்கிடும். மேட்டுல நிறுத்தி, இறக்கத்துல விட்டா எழுந்துக்கும். பிரேக் ஒரு பக்கமா இழுக்கும். அப்புறம்..." அவர் தாண்டவராயனை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே ஓட்டப்போறீங்க? இதை நல்லா கேட்டுக்குங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர் துள்ளிக் கழண்டுடும். வலது கையால கியரை அழுத்திப் பிடிச்சுக்கணும். கையை எடுத்தீங்க, வண்டி உங்க பேச்சைக் கேக்காது."

"ஏன் விக்கிறீங்க?"

"எனக்கு முட்டி போச்சும்மா. கிளட்ச்சை மிதிக்க முடியல. வண்டி நல்லாத்தான் இருக்கு."

"அம்மா, வேணாம்மா. ஊரே சிரிக்கும்" என்று தாண்டவராயன் காதோரம் சொன்னார்.

"இதையே எடுத்துக்குவோம்" என்றார் அம்மை.

திரும்பும்போது தாண்டவராயன் ஓட்டினார். அம்மை மட்கார்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது.

ஏரிக்கரை வந்தது. கரையிலிருந்து மடத்துப் பக்கம் செங்குத்தாக ஓர் இறக்கம். அதன் தலைமாட்டில் மதகுக் கட்டையில் பச்சையப்பன் ரெண்டு பேரோடு உட்கார்ந்திருந்தான்.

"டேய், அங்க பாருங்கடா! சாமி காயலாங்கடையைக் கட்டி இழுத்துட்டு வராரு!"

மற்ற ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இறக்கம் ஆரம்பித்துவிட்டது. வண்டி மெதுவாகத்தான் இறங்கியது. பச்சையப்பன் எழுந்து கூடவே நடந்து வந்தான்.

"என்ன சாமி, இன்னைக்குக் கை நீளலையா? அன்னைக்கு இந்தப் பக்கம் அடிச்சே. இந்தா, இந்தப் பக்கம் சும்மாதான் கிடக்கு. இறங்கி வா!"

அவன் கன்னத்தைத் திருப்பிக் காட்டினான்.

தாண்டவராயனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கியர்மேல் இருந்த வலது கை எழுந்தது. உண்மையாகவே எழுந்தது. அரை அங்குலம். உள்ளே கியர் கடகடவென்று உதறியது. மட்கார்டில் அம்மை ஒரு பக்கம் சாய்ந்து கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

கை திரும்பவும் கியர்மேல் போய் விழுந்தது. அவர் அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு, இறக்கம் முடிகிற வரைக்கும் அழுத்தினார். பச்சையப்பன் நின்றுவிட்டான். சிரிப்பு பின்னால் தங்கிவிட்டது.

மடத்து வாசலில் ஒரு மேடு பார்த்து வண்டியை நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். உள்ளங்கை சிவந்து போயிருந்தது. கீழே எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தது.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"கோபம் போயிடுச்சுன்னு சொன்னேனே, அது."

"எங்க இருக்கு?"

அவர் வலது கையை நீட்டினார்.

"அன்னைக்கு அவன் சொன்னது நிஜம்மா. லைட் எரிஞ்சா வண்டி நிக்குமாம். தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சும், அவன் சிரிச்சதும் கை எழுந்துடுச்சு. கியர் இல்லைன்னா இன்னைக்கும் அடிச்சிருப்பேன்."

அம்மை டீசல் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார்.

"பேசாம இருந்ததெல்லாம் சும்மா. நான் கிளம்பிடறேன்மா."

"டேங்க்ல டீசல் அடியில கிடக்கு" என்றார் அம்மை. "காலையில உழவு. ஓட்டப்போறது நீங்க. கரைக்கு அந்தப் பக்கம் பங்க்ல போய் டீசல் போட்டுட்டு வந்துடுங்க."

தாண்டவராயன் அசையாமல் நின்றார். அவர் கண் கலங்கியதை மறைக்கவில்லை. அப்புறம் ஏரிக்கரைப் பக்கம் பார்த்தார். மதகுக் கட்டையில் பச்சையப்பன் தனியாக உட்கார்ந்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

"கோயில் பக்கமா சுத்திப் போயிட்டு வரேன்மா. அந்த வழியில இறக்கம் கிடையாது."

"கியர் எங்க துள்ளும்னு ஆரோக்கியம் சொன்னாரா?"

"சொன்னாரு."

"கையை எங்க வைக்கணும்னு?"

"அதையும் சொன்னாரு."

"அப்புறம் எதுக்குச் சுத்து வழி?"

தாண்டவராயன் ஏரிக்கரை வழியைப் பார்த்தார். குனிந்து, சக்கரத்தடியில் இருந்த கல்லை எடுத்தார்.