காய்ந்த டம்ளர்

"என்கிட்ட என்ன குறை மேடம்?" என்று கேட்டார் வேலாயுதம்.

டாக்டர் சகாயமேரி கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

குரு சகாயமேரிக்கு முப்பத்தொன்பது வயது. சீடர் வேலாயுதத்துக்கு நாற்பத்தாறு. பதினைந்து வருடம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை பார்த்தவர். மூக்குக்குள் முளைத்து, மண்டையோட்டின் அடியைத் துளைத்து, மூளையைத் தொடுகிற புற்றுக் கட்டிகளை எடுக்கக் கற்றுக்கொள்ள இங்கே வந்திருந்தார். வீம்புக்காரர்தான். ஆனால் கை நடுங்காதவர்.

"ஒன்பது கேஸ் ஆச்சு. ஒரு தடவைகூட கட்டியைத் தொட விடல. நெத்திச் சவ்வை உரிக்கிறது, ஓட்டையை மூடுறது, இதையேதான் பண்றேன். ஊருக்குப் போயி என்னன்னு சொல்லுவேன்? ஓட்டை அடைக்கக் கத்துக்கிட்டேன்னா?"

"வாங்க சார்," என்றார் சகாயமேரி. "ஒரு டம்ளர் எடுத்துக்கோங்க. ஈரம் இருக்கக் கூடாது."

வார்டில் கலிவரதன் உட்கார்ந்திருந்தார். கடலூர்ப் பக்கம் படகு கட்டுகிற ஆசாரி. முப்பது வருடம் மரத்தூளைச் சுவாசித்த மூக்கு. எட்டு நாளைக்கு முன்பு பத்து மணி நேர அறுவை. கட்டியோடு மூக்குக்கு மேலிருந்த எலும்பும் போயிற்று, வாசனையும் போயிற்று. மூளைக்கும் மூக்குக்கும் நடுவே இப்போது இருந்தது, அவர் நெற்றியிலிருந்தே உரித்து, மடித்து உள்ளே வைத்த ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான்.

அன்று காலைதான் மூக்கிலிருந்த பஞ்சை எடுத்திருந்தார்கள்.

"ஐயா, நல்லாக் குனிஞ்சு உக்காருங்க. தலை தொங்கணும்."

பிறகு சீடரைப் பார்த்தார். "நீங்க மூக்குக்குக் கீழ டம்ளரைப் பிடிங்க சார். பத்து நிமிஷம்."

தெளிந்த நீர் ஒரு சொட்டு விழுந்தால், அது மூளையைச் சுற்றி இருக்கிற நீர். அது இறங்குகிற வழியில் கிருமி ஏறும். பத்து மணி நேரமும் வீண், ஆளும் மிஞ்ச மாட்டார். வேலாயுதத்துக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம். முட்டி போட்டு, டம்ளரை மூக்கை ஒட்டிப் பிடித்தார்.

சகாயமேரி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

நாலு நிமிஷம்.

ஏழு.

"என்ன டாக்டர் பாக்குறீங்க?" குனிந்தபடியே கேட்டார் கலிவரதன்.

"ஒழுகுதான்னு பாக்குறேன் ஐயா."

"அட, நம்ம வேலை!" ஆசாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "புதுப் படகைத் தண்ணில தள்ளுறப்ப, பலகை அறுத்தவன் கரையில நிப்பான். பலகைச் சந்தை அடைச்சவன்தான் உள்ள ஏறி உக்காரணும். எங்க பட்டறையில அப்படி."

வேலாயுதம் ஜன்னல் பக்கம் பார்த்தார். சகாயமேரி வெளியே எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தாச்சு," என்றார் திரும்பாமலே.

வேலாயுதம் டம்ளருக்குள் விரலை விட்டு அடியைத் தடவினார். காய்ந்து கிடந்தது. நம்பாமல் இன்னொரு தடவை தடவினார்.

கலிவரதன் நிமிர்ந்தார். மொட்டைத் தலையில் காதுக்குக் காது தையல்.

"உள்ள அடைச்சது யாரு?"

"நான்தான்," என்றார் வேலாயுதம். வார்டு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

வார்டுக்கு வெளியே நடைக்கு வந்ததும் சகாயமேரி நின்றார்.

"வியாழக்கிழமை கேஸ்ல கட்டி உங்களுக்கு, சார்."

வேலாயுதம் டம்ளரை இன்னும் விடவில்லை.

"கட்டியை நீங்களே எடுங்க மேடம். சவ்வை மட்டும் வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."