பதினைந்து வருட அனுபவம்

அன்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: தலைவர் ஏகாம்பரம், அவர் மைத்துனர் சொக்கநாதன், பொறியாளர், வேறு இரண்டு ஒப்பந்ததாரர்கள், தற்காலிக எழுத்தர் அங்கம்மாள். மத்திய அரசு மானியத்தில் தெருவிளக்கு போட மூன்று விண்ணப்பங்கள் வந்திருந்தன. தடை செய்யப்பட்ட கம்பெனிக்கோ அதன் முதலாளிக்கோ வேலை தரக்கூடாது என்பது விதி.

“மச்சானோட கம்பெனி புதுசு. தடைப் பட்டியல்ல பேரே இல்லை. தகுதி உண்டுன்னு எழுது. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வராதே” என்றார் தலைவர்.

“எழுதிடறேன் ஐயா. ஆனா மூணு வருஷ அனுபவம் கேட்டிருக்காங்க. இந்தக் கம்பெனி ஆரம்பிச்சு மூணு மாசம்தானே ஆகுது?” என்றாள் அங்கம்மாள்.

சொக்கநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “யாருக்கு அனுபவம் இல்லை? பதினஞ்சு வருஷமா இதே தொழில். பஸ் ஸ்டாண்டு விளக்கெல்லாம் போட்டது யாரு? நான்தான்.”

“ஒரே மழையில அணைஞ்சுதே, அந்த விளக்கா ஐயா? அதுக்காகத்தானே அந்தக் கம்பெனியைத் தடை பண்ணினோம். உங்க டிரைவர் பேர்ல இருந்ததால முதலாளி யாருன்னு இத்தனை நாளா தெரியலை.”

ஒப்பந்ததாரர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். பொறியாளர் அந்த விண்ணப்பத்தின் குறுக்கே கோடு போட்டார்.

“நாளைக்கு நான் வரட்டுமா ஐயா?” என்று கேட்டாள் அங்கம்மாள்.

தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “வராம? மீதி விண்ணப்பத்தையெல்லாம் யாரு பார்ப்பா?” என்றார்.

மீதி இரண்டு.