வண்டியேறிய எல்லைக்கல்

முன்னொரு காலத்தில் ஐந்து ராஜாக்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு காலம் இருந்தது. ஐந்து நாட்டுக்கும் ஒரே சாலை, ஒரே சந்தை. ஒரு நாட்டு மாடு இன்னொரு நாட்டில் மேயும். ஒரு நாட்டுப் பெண் இன்னொரு நாட்டில் வாழ்க்கைப்படுவாள். வருஷத்துக்கு ஒருமுறை ராஜாக்கள் கூடிப் பேசி, வயிறாரச் சாப்பிட்டுக் கலைவார்கள். ஐந்நாட்டுக் கூட்டு என்று அதற்குப் பெயர்.

அந்த ஐவரில் ஒருவர் திடவிரத மகாராஜா. நல்ல மனுஷர்தான். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கவே மாட்டார். கீழே விழுந்த வடையை எடுத்தாலும் எடுப்பார், சொல்லை எடுக்க மாட்டார்.

ஒரு வருஷம் கூட்டு விருந்தில் அவர் இலையில் உடைந்த அப்பளம் விழுந்தது.

ராஜாவின் மீசை துடித்தது. பக்கத்தில் இருந்த படைத்தலைவர், தளவாய் விருத்தகிரி, காதோரம் குனிந்தார்.

"பிரபு, உடைந்தது அப்பளம் அல்ல, நம் நாட்டின் மானம். இந்தக் கூட்டில் நமக்கு இனி என்ன வேலை? விலகிவிடுவோம். ஒப்பந்தம் கிப்பந்தம் ஒன்றும் வேண்டாம். நாம் இல்லாமல் தவித்துப்போய் அவர்களே கெஞ்சிக்கொண்டு வருவார்கள்."

பின்னால் நின்றிருந்தார் அரண்மனை விகடகவி ஆவுடையப்பன். ராஜா வாய்விட்டுச் சிரிப்பது அவர் பேச்சுக்கு மட்டும்தான் என்பதால் தளவாய்க்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"மகாராஜா, விலகுவது தங்கள் இஷ்டம்" என்றார் ஆவுடையப்பன். "ஆனால் அண்ணன் தம்பி பிரிந்தால்கூடக் கிணறு யாருக்கு, கொல்லை வழி யாருக்கு என்று பேசிப் பாகம் பிரித்துக்கொண்டுதானே பிரிகிறார்கள்? பேசாமல் பிரிந்தவன் மறுநாள் விடியற்காலையில் சொம்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்?"

ராஜா கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். ஊர் திரும்பியதும் தண்டோரா போடச் சொன்னார்: "அந்த நால்வரில் ஒருவராவது வந்து என்னிடம் கெஞ்சும்வரை, எல்லைக்கல்லை எவரும் எந்தப் பக்கமும் தாண்டக் கூடாது. தாண்டினால் தலை போகும்!"

போயிற்று. என்னென்ன போயிற்று என்று கேளுங்கள்.

முதலில் உப்பு. உப்பளம் கடலோரத்து நாட்டில் இருந்தது. அரண்மனைச் சாம்பாரே சப்பென்றாகிவிட்டது. "ஆஹா! உப்பில்லாத சாம்பாரில்தான் பருப்பின் உண்மைச் சுவை தெரிகிறது!" என்று தளவாய் உறிஞ்சிக் குடித்தார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஆவுடையப்பன் முணுமுணுத்தார்.

அடுத்து மாடுகள். மேய்ச்சல் நிலம் முழுக்க அந்தப் பக்கம். இந்தப் பக்கத்து மாடுகள் கல்லருகே வரிசையாக நின்று எதிர்ப்பக்கத்துப் புல்லைப் பார்த்துக் கத்தின.

அப்புறம் அரண்மனை நாவிதர். பெண்டாட்டியோடு அந்தப் பக்கம் ஒரு சாவுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ராஜாவின் தாடி நாளொரு மேனியாக வளர்ந்து மார்பைத் தொட்டது. நாவிதரின் பெண்டாட்டிதான் ஊருக்கே மருத்துவச்சி. பிரசவம் பார்க்க வேறு கை கிடையாது.

இதையெல்லாம் ராஜா தாங்கிக்கொண்டார். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை.

அவருடைய ஒரே மகள் செங்கமலம் கூட்டில் இருந்த பக்கத்து நாட்டு இளவரசனைக் கட்டியிருந்தாள். நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், தாய்வீட்டார் போய்த்தான் அழைத்துவர வேண்டும். அதுதான் முறை. வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு அவள் அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே மகாராணி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"ஒரு அப்பளத்துக்காக எம் பொண்ணு அனாதை மாதிரி பிள்ளை பெறணுமா?" என்று அழுதாள். "அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அந்த எல்லைக்கல்லுலயே என் தலையை முட்டிக்குவேன்!"

ராஜாவுக்கும் மகளை அழைத்துவர ஆசைதான். ஆனால் சொன்ன சொல்? சபையில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். தளவாய்க்கு இதுதான் சமயம்.

"பிரபு, எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறவர் நம் விகடகவிதானே? தாங்கள் சொன்ன சொல்லும் தவறக் கூடாது, எல்லைக்கல்லை ஒருவரும் தாண்டக் கூடாது, இளவரசியும் வர வேண்டும். அவரே அழைத்து வரட்டும். தாண்டினால், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்று தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

ராஜா ஆவுடையப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளையைவிடக் கெஞ்சல்தான் அதிகம்.

"ஒரு மாட்டு வண்டியும், கடப்பாரையோடு நாலு ஆட்களும் கொடுங்கள், மகாராஜா" என்றார் ஆவுடையப்பன். உள்ளுக்குள் அவருக்கும் உதறல்தான். தலை ஒன்றுதானே இருக்கிறது?

எல்லையில் போய் இறங்கியதும் ஆட்கள் கல்லைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்துக் காவல்காரன் ஓடிவந்தான்.

"ஐயா, ஐயா! கல்லைத் தாண்டினா வெட்டச் சொல்லி உத்தரவு!"

"யாருப்பா தாண்டினது? கல்லைத் தூக்கி வண்டியில வைக்கப் போறோம். தூக்கக் கூடாதுன்னு உத்தரவு உண்டா?"

காவல்காரன் தலையைச் சொறிந்தான். "அப்படி ஒண்ணும் சொல்லலீங்களே..."

கல் வண்டியேறியது. மாடுகளை வண்டிக்குப் பின்னால் கட்டி, வண்டியை முட்டித் தள்ளும்படி ஓட்டினார் ஆவுடையப்பன். கல் முன்னால், மாடும் மனிதரும் பின்னால். கல்லைத் தாண்டாமலேயே போய்க்கொண்டிருந்தார்கள்! எதிர்ப்பக்கத்துக் காவல்காரன் பதறினான்.

"யோவ், இது எங்க நாடுய்யா! எங்களைக் கல்லுப் பக்கத்துலயே நிக்கச் சொல்லியிருக்கு!"

"அப்போ கல்லுப் பக்கத்துலயே வா. திரும்பி வர்றப்போ உங்க நாடு எங்க நாட்டுக்குள்ள வரும். கணக்குச் சரியாயிடும்."

அவனும் ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு காவல்காரர்களும் கல்லுக்கு முன்னும் பின்னுமாக, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்தவர்கள் போல நடந்தார்கள். வழியில் மோர் விற்றுக்கொண்டிருந்த அன்னக்கிளி எட்டிப் பார்த்தாள்.

"சாமி, கல்லு என்னைத் தாண்டிப் போவுதே? நான் இப்ப எந்த நாடு?"

"இப்போதைக்கு எங்க நாடு. கொஞ்சம் பொறு, திரும்பி வர்றோம்."

பக்கத்து நாட்டு அரண்மனை வாசலில் கல் நின்றது. சம்பந்தி ராஜா வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். "மருமகளை நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்று பல்லக்கோடு கிளம்பினார்.

திரும்பும்போது ஆவுடையப்பன் முன்னால் மாடுகளைப் பூட்டினார். அவரும் மாடும் முதலில், அப்புறம் கல், கல்லுக்குப் பின்னால் பல்லக்கு. பல்லக்குக்குப் பின்னால் நாவிதரும் அவர் பெண்டாட்டியும் சேர்ந்துகொண்டார்கள். கல்லுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அவர்கள் நாடுதானே, யார் தடுப்பது? விஷயம் தெரிந்ததும் உப்பு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன.

அரண்மனையில் பிரசவ அறைக்கு இரண்டு வாசல். ஒன்று தோட்டத்துப் பக்கம், ஒன்று உள்முற்றத்துப் பக்கம். தோட்டத்து வாசலால் கல்லை உள்ளே தூக்கிவந்து, அறைக்குள் நடந்து, உள்முற்றத்து வாசற்படியில் நட்டார்கள். பின்னாலேயே வந்த செங்கமலம் அறைக்குள் போய்ப் படுத்தாள். சம்பந்தி தோட்டத்தில் நின்றார்.

தளவாய் குதித்தார். "பிரபு! இளவரசி வந்துவிட்டாள் என்றால் எல்லை தாண்டியாகிவிட்டது! வெட்டுங்கள் தலையை!"

ராஜா காவல்காரர்களைக் கேட்டார். "இல்லீங்க மகாராஜா, ஒருத்தரும் தாண்டலீங்க. கல்லுதான் வந்துச்சு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்படியானால் என் அரண்மனைக்குள் இந்த அறை...?"

"அவர்கள் நாடு, மகாராஜா" என்றார் ஆவுடையப்பன். "பேசி நடாத எல்லை. வண்டியில் ஏற்றினால் வண்டியில் வருகிறது."

அதற்குள் உள்ளே வலி எடுத்துவிட்டது. "அம்மா!" என்ற அலறல் கேட்டு மகாராணி பாய்ந்து ஓடினாள். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"தாண்டக் கூடாதும்மா... மகாராஜா உத்தரவு..."

மகாராணி திரும்பி ராஜாவைப் பார்த்தாள். வாசற்படிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து சுவரில் கையை வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மகள், நடுவே ஒரு கல். திடவிரத மகாராஜா அன்றைக்குத்தான் தன்னைத் தானே நொந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. அது எந்த உத்தரவும் கேட்காமல் கல்லைத் தாண்டி முற்றம் முழுக்க நிறைந்தது. ராஜா தாடி நனைய அழுதார்.

மருத்துவச்சி குழந்தையைத் துணியில் சுற்றிக் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "பேத்தி பொறந்திருக்கா. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை நாக்குல சேனைத் தண்ணி வைக்க ஆளு வாங்க. வைக்கிறவங்க குணந்தான் பிள்ளைக்கு வரும், பார்த்து வாங்க!"

தோட்டத்திலிருந்து ஓடிவந்த சம்பந்தி கல்லருகே நின்று இரண்டு கையையும் கூப்பினார். "சம்பந்தி, பொண்ணைப் பெத்த வீட்டுலதான் முதல் சேனை. பிள்ளை நாக்கு காயுது. கெஞ்சிக் கேட்கிறேன், வந்து வைங்க!"

"மகாராஜா!" என்று கத்தினார் ஆவுடையப்பன். "கெஞ்சிவிட்டார்! நால்வரில் ஒருவர் வந்து கெஞ்சிவிட்டார்! தங்கள் சொல் நிறைவேறிவிட்டது!"

ராஜா அப்படியே தாண்டினார். அறுபது வயதில் அந்தக் கல்லை ஒரே தாவலில் தாண்டினார். மகாராணி அவருக்கும் முன்னால் தாண்டியிருந்தாள். ராஜா பேத்தியை வாங்கிச் சேனை வைத்து நெஞ்சோடு அணைத்ததுதான் தாமதம், பட்டாடை வெதுவெதுவென்று நனைந்தது.

"எல்லை தாண்டியதற்குச் சுங்கம், மகாராஜா!" என்றார் ஆவுடையப்பன்.

மாதக்கணக்கில் சிரிக்காத ராஜா சிரித்தார், பாருங்கள்! குழந்தை பயந்துவிடப் போகிறது என்று மகாராணி பிடுங்கிக்கொள்ளும்படி சிரித்தார்.

அந்தக் கல்லின் மேலேயே தாம்பூலத் தட்டை வைத்து இரண்டு சம்பந்திகளும் ஒப்பந்தம் பேசினார்கள். விலகியது விலகியதுதான், ஆனால் உப்பு வரலாம், மாடு மேயலாம், பிள்ளைத்தாய்ச்சிகள் எந்நேரமும் போகலாம் வரலாம். மற்ற மூவரிடமும் இதையே பேசி முடிப்பதாகச் சம்பந்தி ஏற்றுக்கொண்டார். கடைசியில் ராஜா தயங்கித் தயங்கி, "அப்பளம் முழுசாக..." என்றார்.

"அன்னைக்கு எல்லார் இலையிலும் உடைஞ்ச அப்பளம்தான் சம்பந்தி! அப்பளக் கூடை உங்க நாட்டுலேர்ந்துதானே வந்துச்சு? உங்க தளவாய் அது மேலேயே உட்கார்ந்து தூங்கிட்டு வந்தாரே!"

எல்லோரும் தளவாயைத் திரும்பிப் பார்த்தார்கள். தளவாய் கூரையைப் பார்த்தார்.

ராஜா ஆவுடையப்பனுக்குத் தன் கைக் கங்கணத்தைக் கழற்றிப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"எனக்கொன்றும் வேண்டாம், மகாராஜா. கல்லைப் பழைய இடத்தில் நட வேண்டும். மாடுகள் களைத்துப்போய்விட்டன. தளவாய் பலசாலி..."

அப்படித்தான் தளவாய் விருத்தகிரி வண்டியை இழுத்துக்கொண்டு சாலையில் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லை திறந்ததும் இந்தப் பக்கம் மோர் விற்க வந்திருந்த அன்னக்கிளி வழியில் மோர்ப்பானையோடு எட்டிப் பார்த்தாள்.

"சாமி, நான் இப்ப எந்த நாடு?"

தளவாய் வண்டியை நிறுத்தி வேர்வையைத் துடைத்தார்.

"எந்த நாடா இருந்தா என்னம்மா? ஒரு சொம்பு மோர் குடு. உப்புப் போட்டுக் குடு."