படிக்க, அனுப்ப, அழிக்க

செங்கரட்டு அடிவாரத்தில் பூங்கோதை அம்மாவின் குடில் இருக்கிறது. அம்மாவுக்கு வயது நாற்பத்து மூன்று. அவருடைய சீடர் குழந்தைவேலு ஐயாவுக்கு அறுபத்து நான்கு. புதிதாக வருகிறவர்கள் வயசைப் பார்த்துவிட்டு ஐயாவின் காலில் விழப் போவார்கள். "ஐயோ, நான் இல்லீங்க, அவங்க!" என்று அவர் பதறி விலகுவார்.

ஐயா முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். டிரங்க் கால் காலத்து ஆள். இந்த ஊரையும் அந்த ஊரையும் இணைத்துவிட்டு உடனே காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவாராம். "ஒரு கால்கூட ஒட்டுக்கேட்டதில்ல" என்று சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். அதைக் கேட்டுத்தான் குடிலின் மெயில் வேலையை அம்மா அவரிடம் விட்டார்.

அம்மாவுக்கு வருவதெல்லாம் சாதாரணக் கடிதமா? வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாததைத்தான் ஜனங்கள் எழுதி அனுப்புவார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற மெயில் புரோகிராம் அவற்றை இறக்கித் தரும். ஐயா அச்சடிக்க வேண்டும், மடிக்க வேண்டும், அம்மாவின் அறை வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். படிக்கக் கூடாது. அம்மா தன் பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தார். கொடுத்ததோடு அதை மறந்தும் போனார்.

மனுஷன் படித்துவிட்டார்.

முதலில் ஒரு வரி. பிரிண்டர் மெதுவாகத் துப்பும்போது கண் தானாகப் போயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பிறகு பக்கம் பக்கமாகப் படித்தாரே, அதற்குப் பிரிண்டர் மேல் பழி போட முடியுமா?

செண்பகவல்லி என்று ஒரு பெண். டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். ஆறு வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் அப்பாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். ஞாயிறு தவறாமல் அம்மாவுக்கு எழுதுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவைப் பற்றி, கூடப்பிறந்த அக்காளிடம்கூடச் சொல்லாத ஒன்றை எழுதியிருந்தார். அது என்னவென்று நான் சொல்லப்போவதில்லை. ஐயா படித்ததே போதும்.

அடுத்த வாரம் செண்பகவல்லி நேரில் வந்தார். அம்மாவைப் பார்க்குமுன் சாப்பிடச் சொன்னார்கள். பந்தியில் உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு வந்த ஐயா அவரருகில் குனிந்து, "அப்பா விஷயத்தைப் போட்டு மனசை வருத்திக்காதம்மா. அலுத்துப்போனா யாருக்கும் வர்ற நெனப்புதான்" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் கொடுமை.

செண்பகவல்லி வாயில் இருந்த சோற்றை மெல்லவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவினார்.

"என்னம்மா, அதுக்குள்ள?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

அடுத்த பஸ் மூன்றரைக்குத்தான். மணி அப்போது ஒன்று. அந்தப் பெண் அம்மாவைப் பார்க்காமலே வெயிலில் இறங்கி நடந்து போனார். ஐயா வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு போயிற்று. செண்பகவல்லியிடமிருந்து ஒரு வரி இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மெயில் கம்பெனி ஓர் அறிவிப்பு அனுப்பியது. புரோகிராமுக்குள் பாஸ்வேர்டைப் போட்டு வைக்கிற பழைய வழி இனிமேல் செல்லாது. கணக்குக்கு உரியவர் கம்பெனியின் பக்கத்துக்கே வந்து அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்தால் புரோகிராமுக்கு ஒரு டோக்கன் தரப்படும், அதைக் காட்டித்தான் கடிதங்களை எடுக்கலாம். சொன்ன தேதியில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் நின்றது. வாசல் பெட்டி காலியாகக் கிடந்தது. ஒன்பது நாள் ஐயா மூச்சு விடவில்லை.

பத்தாம் நாள் அம்மாவே கேட்டார்.

"என்ன ஐயா, ஜனங்க கஷ்டமெல்லாம் ஒரேயடியா தீர்ந்துபோச்சா?"

ஐயா விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்: "பழைய வழியே நல்லாத்தானேம்மா இருந்துச்சு? பாஸ்வேர்ட் என்கிட்ட இருந்துச்சு, நான் பாத்துக்கிட்டேன். அதுல என்ன குறை வந்துச்சுன்னு இப்ப டோக்கனும் கீக்கனும்?"

"மாத்துறதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும். அதை மட்டும் சொன்னீங்கன்னா போதும், நான் போட்டுக்கிறேன்."

"நானே வந்து உக்காறேன்" என்றார் அம்மா.

ஆபீஸ் அறையில் நாற்காலி ஒன்றுதான். அம்மா அதில் உட்கார, ஐயா பக்கத்தில் நின்றார். புரோகிராமின் செட்டிங்கில் 'சாதாரண பாஸ்வேர்ட்' என்று இருந்ததை எடுத்துவிட்டுப் புது முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். கம்பெனியின் பக்கம் ஒரு சின்ன ஜன்னலாகத் திறந்து பாஸ்வேர்ட் கேட்டது.

அம்மா யோசித்தார். "என் பாஸ்வேர்ட் என்ன ஐயா?"

ஐயா மனப்பாடமாகச் சொன்னார். அம்மா ஒற்றை விரலால் அதைத் தட்டினார். தன் பட்டன் போனில் வந்த ஆறு எண்ணையும் தட்டினார். அடுத்த பக்கம் வந்தது. அதை அம்மா வாய்விட்டுப் படித்தார்.

"இந்தப் புரோகிராம் உங்கள் கடிதங்களைப் படிக்க, உங்கள் சார்பில் அனுப்ப, நிரந்தரமாக அழிக்க அனுமதி கேட்கிறது. தருகிறீர்களா?"

"'அனுமதி'ங்கிறதை அமுக்குங்கம்மா."

"கேக்குதே ஐயா!"

"ஆமாம்மா. கேக்கும்."

"மாட்டேன்னு சொன்னா?"

"எடுக்காது."

"பாஸ்வேர்ட் தெரிஞ்சிருந்தாலுமா?"

"புரோகிராமுக்குப் பாஸ்வேர்டையே சொல்ல மாட்டாங்கம்மா. டோக்கன் மட்டும்தான். அதுவும் ஒரு மணி நேரந்தான் செல்லும், அப்புறம் போய்ப் புதுசு வாங்கிக்கணும். நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, மறுபடி போய் நின்னாலும் தர மாட்டாங்க."

"நல்ல மரியாதை தெரிஞ்ச பிள்ளையா இருக்கே" என்று சொல்லி அம்மா அமுக்கினார்.

கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. வேலை முடிந்தது என்று ஐயா ஜன்னலை மூடக் கையை நீட்டினார். கீழே ஒரு வரி இருந்தது: உங்கள் கணக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க.

"அது தேவையில்லம்மா" என்றார் ஐயா.

அம்மா அதற்குள் அமுக்கிவிட்டார்.

இரண்டு வரி வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர், இப்போது. ஒரு செல்போன், இன்று காலை ஐந்து ஐம்பது.

அம்மா தன் பட்டன் போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இது யாரோட போன் ஐயா?"

எவனோ திருடன் புகுந்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருப்பார், நம்புகிற ஆள்தான். அந்தப் பொய் ஐயாவின் நாக்கு நுனிவரை வந்தது. காது மடல் இரண்டும் சுட்டன. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"என்னோடதும்மா."

"ஒன்பது நாளா எனக்கு ஒரு கடுதாசி வரல. உங்களுக்கு?"

"வந்துச்சும்மா."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்காததால் ஐயாவே எல்லாவற்றையும் கொட்டினார். பிரிண்டரிலிருந்து தொடங்கி, சாம்பார் வாளி, மூடின இலை, மூன்றரை மணி பஸ் வரை ஒன்றையும் விடவில்லை. ஆறு எண் கேட்காத காலத்திலேயே கம்பெனியின் பக்கம் வழியாகப் போனில் போட்டுக்கொண்டதால் அதில் மட்டும் மெயில் நிற்கவில்லை என்பதையும் சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் ஒட்டுக்கேட்டதில்லை என்று பெருமை அடித்தது நினைவுக்கு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது. தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போன்ல எதுக்குப் போட்டீங்க?"

"அந்தப் பொண்ணு திரும்ப எழுதுதான்னு பாக்கத்தாம்மா. விடிஞ்சதும் அதைப் பாக்காம இருக்க முடியல. நம்மளால ஒருத்தி வாயை மூடிக்கிட்டாளேன்னு மனசு அறுத்துச்சு."

"மத்தவங்க எழுதினது?"

"அதையும் படிச்சேன்" என்றார் ஐயா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா மவுசை அவர் பக்கம் தள்ளினார். ஐயா தன் போன் இருந்த வரியைத் தொட்டு 'நீக்கு' என்பதை அமுக்கினார். உறுதியா என்று அது கேட்டது. ஆம் என்று அமுக்கினார். வரி மறைந்தது.

"போன்லருந்து போயிருச்சும்மா. படிச்சது எனக்குள்ளயே கெடக்குதே?"

அம்மா மவுசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஐயா கேட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட நானே மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா?"

"எந்த விலாசத்துக்கு?"

"அவங்க மெயிலுக்குத்தான்..."

"அது அவங்க எனக்குக் கொடுத்த விலாசம் ஐயா."

மன்னிப்புக் கேட்பதற்குக்கூடத் திருடினதைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இந்த வேலைக்கு நான் லாயக்கில்லம்மா. நான் ஊருக்கே போயிடுறேன்."

"போனா உங்களுக்குச் சௌகரியம். அவங்களுக்கு?"



அம்மா திரையில் இறங்கிக் கிடந்த பெயர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை குனிந்தது. குடிலில் யாரும் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை.

"பாஸ்வேர்டைச் சீட்டுல எழுதிக் கொடுத்தது யாரு ஐயா?"

"நீங்கதாம்மா. ஆனா..."

"இந்த அறைக்கு எழுந்து வந்து நானே பாக்கலாம். சோம்பல். அவங்க எனக்குன்னு எழுதினதை இன்னொரு கையில தூக்கிக் கொடுத்தேன். கொடுக்கலாமான்னு அவங்கள ஒரு வார்த்தை கேட்டேனா?"

சொல்லிவிட்டு ஒரு புதுக் கடிதம் திறந்தார். செண்பகவல்லியின் விலாசத்தைப் போட்டார். ஐயா உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒற்றை விரல் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"திரும்ப வேணாம். இது நீங்க பாக்கலாம்" என்றார் அம்மா.

ஐயா திரும்பினார். அம்மா தட்டித் தட்டி இப்படி எழுதியிருந்தார்: நீங்கள் எனக்கு மட்டும் என்று எழுதியது என் கைக்கு வருமுன் இன்னொருவர் கண்ணில் பட்டது. அதற்கு வழி விட்டவள் நான். உங்களைக் கேட்காமல் விட்டேன். வெட்கமாக இருக்கிறது. படித்தவர்

அங்கே விரல் நின்றது.

"ஐயா, இங்க உங்க பேர் வருது. போட்டுக்கட்டுமா?"

குழந்தைவேலு ஐயா பதறிப்போனார். "என்னம்மா இது, இதையெல்லாம் போய் என்கிட்ட கேட்டுக்கிட்டு! கேக்குற அளவுக்கா நான் நடந்துக்கிட்டேன்? போட்டு அனுப்ப வேண்டியதுதானே?"

அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க விஷயமாச்சே ஐயா. நீங்க சரின்னு சொல்லாம நான் எப்படி அதை இன்னொருத்தர் கையில கொடுப்பேன்?"