ஊர்ச்சோற்று நெருப்பு

சட்டிக்குள் நெருப்பு செத்துப்போயிருந்தது.

ஏரிக்கரையில் அண்டா ஏறியாயிற்று. அரிசி களைந்தாயிற்று. முந்நூறு பேர் பசியோடு நிற்கிறார்கள். செங்கோடன் சட்டியைத் திறந்தான். உள்ளே வெறும் கரி.

வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ச்சோறு. ஒரு வீடு விறகு, ஒரு வீடு உப்பு, ஒரு வீடு இலை. நெருப்பு செங்கோடன் வீட்டிலிருந்து. பாட்டன் காலத்திலிருந்து அப்படி. அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து வேறு யாருக்கும் கங்கு தரக்கூடாது. சட்டியில் எடுத்ததும் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். முதல் இலை, நெருப்புக் கொடுத்தவருக்கு. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். வழக்கம்.

செங்கோடனுக்கு வயது ஐம்பது. மாந்தோப்பில் இருக்கும் சாமிக்கு நாற்பத்தாறு. இருந்தாலும் செங்கோடன்தான் சீடன். விடிந்ததும் தோப்பைக் கூட்டுவான், ஒரு கேள்வி கேட்பான், போவான். இரண்டாவது கேள்விக்குச் சாமியிடம் பொறுமை கிடையாது.

அன்று காலை கேட்டது இது.

“சாமி, என் தம்பி பெண்டாட்டி கங்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். எதிர்வீட்டு ராமாயிக்கு. இன்றைக்குப் பார்த்து!”

“எதற்கு?”

“குழந்தைக்குக் காய்ச்சலாம். வெந்நீர் வைக்கணுமாம். ராத்திரி மழையில் தீப்பெட்டி நமத்துப்போச்சாம்.”

“சரி.”

“என்ன சாமி சரி? வீட்டு வழக்கத்தை மீறியிருக்கிறாள். அவளை என்ன செய்வது?”

“சோறு வேகட்டும். சொல்கிறேன்.”

செங்கோடன் வீட்டுக்குப் போனான். மிச்சக் கங்காவது பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டியில் அள்ளி, மூடி போட்டு, மூடியைச் சுற்றி ஈரமண் பூசினான். காற்றுகூடப் புகாது. அடுப்பில் தண்ணீர் ஊற்றினான். மேளத்தோடு ஊரைச் சுற்றி ஏரிக்கரைக்கு வர ஒன்றரை மணி நேரம்.

வந்து திறந்தால் இந்தக் கரி.

“நல்ல கரியப்பா. மீசைக்குப் பூசிக்கோ,” என்றான் விறகு கொண்டுவந்தவன். சிலர் சிரித்தார்கள்.

ஒருவன் தீப்பெட்டியை நீட்டினான். ஊர்ப் பெரியவர் நாச்சிமுத்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“தீக்குச்சிதான் என்றால் இவன் வீடு எதற்கு? நெருப்பு வரவில்லையென்றால் அடுத்த வருஷம் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவேன். ஆமாம்.”

சாமி புளியமரத்தடியில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். செங்கோடன் அவர் முன்னால் போய் நின்றான்.

“மூன்று தலைமுறை சாமி. என் கையில் போகிறது.”

“உன் வீட்டு நெருப்பு எங்கேயும் இல்லையா?”

“அடுப்பில்தான் தண்ணீர் ஊற்றிவிட்டேனே!”

“அடுப்பைக் கேட்கவில்லை.”

செங்கோடன் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு முகம் மாறியது.

“அங்கேயா? அங்கே போய் எப்படிக் கேட்பேன்? காலையில் தெருவில் நின்று தம்பி பெண்டாட்டியைத் திட்டினேன். ராமாயி காதில் விழாமலா இருக்கும்?”

“எனக்குப் பசிக்கிறது,” என்றார் சாமி.

போனான். ராமாயி வாசலில் நின்றான். வருத்தம் தெரிவிக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனான். வாயில் வந்தது இவ்வளவுதான்:

“ஒரு துண்டு கங்கு வேணும்.”

ராமாயி உள்ளே போனாள். உடைந்த ஓட்டில் நாலு கங்கு அள்ளிவந்தாள்.

“உங்க வீட்டு நெருப்புத்தானுங்க அண்ணா. கஞ்சி வைக்கலாம்னு அணைக்காம வெச்சிருந்தேன்.”

“குழந்தை?”

“வேர்த்துடுச்சுங்க. காய்ச்சல் இறங்கிடுச்சு.”

இந்த முறை மூடி இல்லை. ஊதிக்கொண்டே ஓடினான். ஏரிக் காற்று அடித்தபோதெல்லாம் கங்கு இன்னும் சிவந்தது.

அடுப்பு பற்றியது. சோறு வெந்தது. நாச்சிமுத்து முதல் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

“நெருப்புக் கொடுத்தவர் உட்காரலாம். வாப்பா செங்கோடா. எப்படியோ தப்பித்தாய்.”

செங்கோடன் உட்காரவில்லை. இலையைப் பார்த்தான். சாமியிடம் வந்தான்.

“சாமி, சோறு வெந்துவிட்டது.”

“தெரிகிறது.”

“காலையில் கேட்டேனே. அவளை என்ன செய்வது?”

“அவள் அவள் என்கிறாய். பெயர் இல்லையா?”

“இருக்கிறது.”

“கூப்பிடு. முதல் இலையில் சோறு ஆறுகிறது.”

செங்கோடன் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினான். ஊரே கேட்கக் கூப்பிட்டான்.

“பழனாத்தா!”