இடது கைக்கு ஒரு வேலை

"முகம் வருதுங்க அம்மிணி. உசுரு வரமாட்டேங்குது."

நாச்சிமுத்து படியேறும்போதே இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

கோகிலவாணி கதவை விரியத் திறந்தாள்.

"வாங்ணா. மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி கெடக்குது. திங்கக்கெழமைக்குள்ள எனக்கு ஒரு முகம் வேணும். உசுரோட வேணும்."

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அவளுக்கு இருபத்தெட்டு. திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சட்டைக்குப் படம் வரைந்தவர்கள். குழந்தை பிறந்ததும் அவள் வேலையை விட்டாள், படத்தை விடவில்லை. வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறாள். அவள் போட்ட புலி சட்டையிலிருந்து உறுமுகிறது என்று கம்பெனியில் இன்னும் பேச்சு.

சின்னப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று நாச்சிமுத்து இரண்டு நாள் மருகினார். மூன்றாம் நாள் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

விஷயம் இதுதான். கடற்கரையில் போட்டுக்கொள்ளும் சட்டைக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் டீக்கி முகம் கேட்டிருந்தார். பசிபிக் தீவுகளில் மரத்தில் செதுக்கி நிறுத்துகிற முகம். பிதுங்கிய கண், அகலத் திறந்த வாய், வாய் நிறையப் பல். பார்த்தவனுக்கு ஒரு நொடியாவது நெஞ்சு திக்கென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

நாச்சிமுத்து டேப்லெட்டில் நாற்பது முகம் வரைந்தார். மூன்று தடவையாக அனுப்பினார். மூன்று தடவையும் திரும்பி வந்தன. மூன்றுக்கும் ஒரே வரிதான் பதில்: அழகாக இருக்கின்றன, வேண்டாம்.

திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் இந்த வேலை வேறு ஆளுக்கு. நாச்சிமுத்து அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பக்கம். முதலாளி இதைக் கத்திச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. டீ சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். பத்தொன்பது வருஷம் படம் வரைந்த கை, இனி பசை தடவப் போகிறது.

"எங்க, காட்டுங்க பாக்கலாம்."

காட்டினார். அவள் நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"எப்படிங்க?"

"எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்ணா."

"அய்யோ, அந்தாளும் அதையேதானுங்க சொல்றாரு!"

கோகிலவாணி சிரிக்கவில்லை. டேப்லெட்டை அவர் பக்கமே திருப்பி மேசைமேல் வைத்தாள்.

"இங்கயே ஒண்ணு வரைங்க."

நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வலது கையில் பேனா. இடது கை டேப்லெட் கண்ணாடியின் ஓரத்தில், இரண்டு விரலை நீட்டியபடி காத்திருந்தது.

அந்த வரைபடச் செயலியில் அப்படி ஒரு வசதி உண்டு. இரண்டு விரலால் கண்ணாடியைத் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். இன்னொரு தட்டு தட்டினால் அதற்கு முந்தைய கோடும் போய்விடும். ரப்பர் வேண்டாம், தூசி இல்லை, தடம் இல்லை. கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகம் இல்லை.

கோடு. தட்டு. கோடு. தட்டு. கோடு. தட்டு, தட்டு.

"என் கையைப் பாருங்க அம்மிணி. எங்க தப்புன்னு சொல்லுங்க."

"பாத்துட்டுத்தானுங்ணா இருக்கறேன்."

அவர் சொன்னது வலது கையை. அவள் பார்த்தது இடது கையை.

"அதை எதுக்கு அழிச்சீங்க?"

"கண்ணு கொஞ்சம் மேல ஏறிடுச்சு."

"இது?"

"வாயி கோணிக்கிச்சுங்க."

"இப்ப அழிச்சீங்களே, அது?"

நாச்சிமுத்து யோசித்தார்.

"தெரியலீங்க. பழக்கம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. போன வாரம் மகளோட மார்க் கார்டுல கையெழுத்துப் போட்டேன். இழுப்பு கோணலாப் போச்சு. ரெண்டு வெரலால காயிதத்தைத் தட்டறேன், தட்டறேன், போகவே மாட்டேங்குது. டீச்சரம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க."

இதற்குக் கோகிலவாணி சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, உடனே முகம் வாடிப் போனார்.

"அந்த வசதியை அணைச்சுப் பாக்கலீங்களா?"

"அணைச்சனுங்க. அஞ்சு நிமிஷம் தாங்கல, மறுபடி போட்டுக்கிட்டேன். அணைக்கத் தெரிஞ்சவனுக்குப் போடத் தெரியாதுங்களா?"

"அதுவும் சரிதான்."

"அப்ப நான் என்னதானுங்க பண்றது?"

உள்ளே குக்கர் விசில் அடித்தது. கோகிலவாணி எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது இடுப்பில் குழந்தை இருந்தது. எட்டு மாதம். தூங்கி எழுந்த கண், கன்னத்தில் பாய்க்கோரை பதிந்த வரி. நேராக வந்து அதை நாச்சிமுத்துவின் இடது கையில் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் புடிங்ணா. அடுப்புல வேலை கெடக்குது."

"ஏனுங்க அம்மிணி, நான் வரையணுமே!"

"வரைங்க."

"எப்படிங்க வரையறது?"

"வலது கை சும்மாத்தானே இருக்குது."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வித்தை கேட்டு வந்தவனுக்குப் பிள்ளை தூக்குகிற வேலையா? எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பிள்ளையை எங்கே வைப்பது? தரையில் விட்டால் தவழ்ந்து படிக்கட்டுக்குப் போகும். கனம் வேறு, சாதாரணக் கனம் இல்லை.

பேனாவை எடுத்தார்.

முதல் கண்ணுக்கு வளைவு போட்டபோது குழந்தை ஒரு உதை விட்டது. கோடு எகிறி நெற்றிக்குப் போனது.

இடது கையிலிருந்து இரண்டு விரல் புறப்பட்டது. குழந்தை வழுக்கியது. விரல் அப்படியே திரும்பி வந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டது.

கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

நாச்சிமுத்து அதை முறைத்தார். முறைத்து என்ன ஆகப் போகிறது? இரண்டாவது கண்ணைக் கீழே இறக்கிப் போட்டார். இப்போது மூக்கு நேராக நிற்க மறுத்தது. சரி, நீயும் சாய்ந்துகொள் என்று அதையும் சாய்த்தார். மூக்கு சாய்ந்ததும் ஒரு கன்னம் உப்பியது, இன்னொன்று ஒட்டியது. வாய்க்கு இருந்த இடம் போதவில்லை. அது தாடையைக் கிழித்துக்கொண்டு திறந்தது.

அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அம்மிணி! கை விட்டுப் போகுதுங்க!"

"ரசம் இன்னும் நொரை கட்டலீங்ணா!"

பல் வைக்க ஆரம்பித்தார். முதல் பல் பெரிதாகிவிட்டது. அதற்குத் துணையாக அடுத்ததையும் பெரிதாக வைத்தார். எத்தனையாவது பல்லில் என்று தெரியாது, குழந்தையின் கனம் அவருக்கு மறந்துபோனது. அதற்குப் பிறகு திங்கட்கிழமை மறந்துபோனது.

கடைசிப் பல்லை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பார்வையை எடுத்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். மறுபடி முகத்தைப் பார்த்தார். நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது.

அவருடைய சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்த குழந்தை, அப்போதுதான் மேசைப் பக்கம் திரும்பியது.

கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தது. உதடு மெல்லப் பிதுங்கியது. மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு வீடே அதிரும்படி வீறிட்டது.

கோகிலவாணி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். டேப்லெட்டை ஒரு தடவை பார்த்தாள். குழந்தையின் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"புள்ளையைப் பயமுறுத்திப்போட்டனுங்க அம்மிணி."

"ஆமாங்ணா."

"அந்தக் கண்ணு ரொம்பத்தான் மேல ஏறிடுச்சு. பல்லும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தல. லேசா சரி பண்ணிப்போட்டு அனுப்பட்டுங்களா?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அழுகை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்துவின் இடது கை இப்போது காலியாக இருந்தது. அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, தானாகவே மேசைக்கு வந்தது. இரண்டு விரல் நீண்டது. கண்ணாடிக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது.

முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து அந்தக் கையை இழுத்து, தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டு, வலது கையால் படத்தை அனுப்பினார்.