பெட்டிக்கு வெளியே மாப்பிள்ளை

அம்பாசமுத்திரம் போகிற வழியில் கீழமுத்தாரம் என்று ஒரு ஊர். அங்கே பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் நாலு பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் கம்பெனி நடத்திவந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றரை இருக்கும். அதில் அரை கோமதிநாயகத்துடையது. பாக்கி ஒன்றை மற்ற மூன்று பேரும் முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். இது நான் இட்டுக்கட்டியது இல்லை, கோமதிநாயகமே ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கணக்கு. அரையாவது இருக்கிறதே என்று அவனுக்கு ஒரு பெருமை.

கம்பெனிக்குத் தலைவனும் அவன்தான். தொடங்கிய அன்று நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அவன் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டான், அதனால் தலைவன். இசக்கியப்பன் ஒற்றை விரலால் புரோகிராம் தட்டுவான். சேர்மக்கனி கடைப் பலகைக்குப் பெயிண்ட் அடித்துப் பழகியவன், ஆகவே படமெல்லாம் அவன் பொறுப்பு. பிலோமினா சரிபார்க்கிறவள். யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வாள், எழுதியதற்கு மேல் ஒரு இம்மி நகரமாட்டாள்.

இவர்களைத் தேடி ஒரு நாள் தளவாய் அண்ணாச்சி மாடியேறி வந்தார். ஊர்க் கல்யாண மண்டபம் அவருடையது. யாருக்கு எந்தத் தேதி என்பதை அவர் எழுதி வைப்பதில்லை, மனதில் வைத்துக்கொள்வார். மனது நிறைந்துவிட்டால் பழையதை மறந்துவிடுவார். போன வைகாசியில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். ஒரு வீட்டுக் கேசரியை இன்னொரு வீட்டார் தின்றுவிட்டார்கள் என்று விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிற்று.

"ஏ கோமதி, உன் கல்யாணமும் ஆவணி பன்னெண்டு நம்ம மண்டபத்துலதானப்பா?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி."

"அந்தத் தேதிய வேற யாருக்கும் சொல்லிருக்கேனான்னு எனக்கே ஞாபகம் இல்ல. கம்ப்யூட்டர்ல எதையாவது பண்ணி இதுக்கு ஒரு வழி செய்யி. நல்லபடியா வந்தா உனக்குக் கல்யாணம். வரலன்னா உன் மாமனாருக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

கோமதிநாயகத்துக்கு முப்பத்துநாலு வயது. ஏழு வீட்டில் அவனைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டாவதாகப் பார்த்த கோவில்பட்டிச் செண்பகவல்லிதான், அவன் மூளைக் கணக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சரி என்று சொன்னவள். அவளை இழக்க அவனுக்கு மனசே இல்லை.

அதனால் இந்த ஒரு தடவையாவது முறையாகச் செய்வது என்று முடிவு செய்து, மதுரையில் மென்பொருள் சொல்லித்தரும் மரகதம் டீச்சரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தான். டீச்சர் பலகையில் ஒரு பெரிய கட்டம் போட்டார்.

"வீடு கட்டுறதுக்கு முன்னாடி பிளான் போடுறோம்ல, அதே மாதிரி மென்பொருளுக்கும் முதல்ல படம் போடணும். இந்தப் பெட்டிதான் சிஸ்டம். இதைப் பயன்படுத்துற ஆளைக் குச்சி மனுஷனா வரைங்க. அவன் பெட்டிக்கு வெளியிலதான் நிக்கணும், உள்ள வரக் கூடாது. உள்ள நடக்கிற வேலைய முட்டை வட்டத்துல எழுதி, ஆளுக்கும் வட்டத்துக்கும் ஒரு கோடு போடுங்க. டீ வந்தாச்சா? ஒரே ஆள் மூணு வேலை பார்த்தா மூணு குச்சி மனுஷன். தேவையில்லாதத விட்டுடுங்க. முடிவெடுக்கிற இடத்துல சாய்சதுரம் போட்டு, ஆமா இல்லன்னு ரெண்டு அம்புக்குறி. வரைஞ்சதும் படத்துக்குள்ள ஒரு தடவ நடந்து பாருங்க. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுட்டா அதுக்கப்புறம் படத்தைத் தொடக் கூடாது."

இவ்வளவும் சொல்லிவிட்டு டீச்சர் அஞ்சு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். பிலோமினா ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தாள். நோட்டில் நாலாவது விதி, 'டீ வந்தாச்சா?' என்று இருந்தது. குச்சி மனுஷனுக்கும் டீக்கும் என்ன சம்பந்தம் என்று இசக்கியப்பன் கேட்டான். டீச்சர் காரணம் இல்லாமல் சொல்லமாட்டார் என்று மூன்று பேரும் அவனை அடக்கிவிட்டார்கள்.

மறுநாள் அண்ணாச்சியை வரவழைத்தார்கள். அவர் தேதி கொடுப்பார், சாவி கொடுப்பார், கேஸ் சிலிண்டரும் பார்த்துக்கொள்வார். மூன்று வேலை.

"அப்ப அண்ணாச்சி மூணு பேரு," என்றாள் பிலோமினா. "டீ வந்தாச்சா?"

மூன்று நாற்காலி போட்டு மூன்று டீ சொன்னார்கள். தேதி பற்றிக் கேட்டால் அண்ணாச்சி முதல் நாற்காலியில் இருந்து பதில் சொல்லவேண்டும், சாவி பற்றி என்றால் இரண்டாவதற்கு மாறவேண்டும். முதலில் முறைத்தார். அரைமணி நேரம் போனதும் அவருக்கே பிடித்துவிட்டது. மூன்றாவது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சிலிண்டர்ல நான் ஒரு குறை வச்சது கிடையாது. அந்த மொத நாற்காலிக்காரன்தான் எல்லாத் தேதியையும் மறந்து தொலைக்கிறான், அவனச் சொல்லுங்க," என்றார். பிலோமினா அதையும் எழுதிக்கொண்டாள்.

சேர்மக்கனி படத்தை ஒரு தாளில் வரைந்து நீட்டினான். அண்ணாச்சி அதைக் கண்ணுக்குக் கிட்டேயும் தூரத்திலும் பிடித்துப் பார்த்தார்.

"எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. எனக்குத் தெரியுத மாதிரி பெரிசா வரையப்பா."

எவ்வளவு பெரிசு என்று அவர் சொல்லவில்லை. சேர்மக்கனி சுண்ணாம்புக் கட்டி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கே போய், தரை முழுக்க வரைந்தான். மண்டபத்தின் நாலு சுவரையும் ஒட்டிக் கோடு போட்டு அதுதான் பெட்டி என்றான். மணவறைக்கு முன்னால் 'தாலி கட்டுதல்' என்று ஒரு முட்டை வட்டம். கோமதிநாயகம் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைய எங்கல காணோம்?" என்று கேட்டான்.

"மண்டபத்தப் பயன்படுத்துறவன் அவன்தான? பெட்டிக்கு வெளியதான நிக்கணும். வாசலுக்கு அந்தப் பக்கம், ரோட்டு ஓரத்துல வரைஞ்சிருக்கேன்."

அரை மூளைக்கு அது சரியாகவே பட்டது. "பொண்ணு?"

"மண்டபம் பேச வர்றது மாப்பிள்ளை வீட்டாருதான். பொண்ணு தேவையில்லன்னு விட்டுட்டேன்," என்றான் சேர்மக்கனி.

அடுத்து படத்துக்குள் நடந்து பார்க்கவேண்டும். கோமதிநாயகம் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கி வரப் போனான். அந்த நேரம் பார்த்து வீரவநல்லூரிலிருந்து ஒரு பெரியவர், பையனுக்கு ஆவணியில் ஒரு தேதி வேண்டும் என்று வந்து நின்றார். நிஜ ஆளே கிடைத்துவிட்டார் என்று அவர் சார்பாக இசக்கியப்பனை நடக்கவிட்டார்கள். அவன் ஒரு தேதியைச் சொல்லிக்கொண்டே சாய்சதுரத்துக்கு வருவான். அங்கே அண்ணாச்சி நின்று, மண்டபம் காலியா என்பதற்கு ஆமா இல்லை சொல்வார். இல்லை என்றால் அம்புக்குறி 'வேறு தேதி சொல்' என்ற வட்டத்துக்குப் போய், திரும்ப அதே சாய்சதுரத்துக்கு வந்து சேரும்.

அண்ணாச்சியின் மனக்கணக்கில் ஆவணியில் எந்தத் தேதியும் காலி இல்லை. இசக்கியப்பன் சுற்ற ஆரம்பித்தான். ஒன்பது சுற்று வரைக்கும் பிலோமினா எண்ணினாள். அப்புறம் தேதியெல்லாம் தீர்ந்துபோய் அவன் முதல் தேதியிலிருந்தே மறுபடி சொல்லத் தொடங்கினான்.

"தல சுத்துது பிலோமினா," என்றான் இசக்கியப்பன், நடந்துகொண்டே.

"வெளிய வர்ற அம்புக்குறி 'ஆமா'வுல மட்டும்தான் இருக்கு."

"ஒரு ஓரமா உக்காந்துக்கிடட்டுமா?"

"உக்கார்றதுக்கு வட்டம் போடல."

சேர்மக்கனிக்குப் பாவமாக இருந்தது. "நாம போய்த் தூக்கிட்டு வந்துருவமா?"

"தூக்குறதுக்கும் அம்புக்குறி இல்லயே," என்றாள் அவள். இரண்டு பேரும் நெடுநேரம் அதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் சேர்மக்கனி ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, அதன் வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் அனுப்பினான்.

அண்ணாச்சியின் போன் அடித்தது. வீட்டம்மா. மாத்திரை போட்டீங்களா என்று கேட்டிருக்கவேண்டும். அண்ணாச்சி போனில், "ஆமா, ஆமா," என்றார். சாய்சதுரத்தில் நின்று சொன்னால் சொன்னதுதான். இசக்கியப்பன் ஒரே தாவாகத் தாவி வெளியே வந்து விழுந்தான். அந்தச் சுற்றில் அவன் வாயில் இருந்த தேதி ஆவணி பன்னெண்டு. வீரவநல்லூர்ப் பெரியவர் கும்பிட்டுவிட்டுப் பத்திரிகை அடிக்கப் போய்விட்டார். அஞ்சு பொட்டலச் சாப்பாட்டோடு கோமதிநாயகம் வந்தபோது, நடை நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் அவனிடம் சொன்னார்கள்.

அண்ணாச்சி ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வரைந்திருந்த தன்னுடைய மூன்று குச்சி மனுஷனுக்கும் தனித்தனியாக மூன்று கையெழுத்துப் போட்டார். கையெழுத்து ஆனதும் படம் அழியக் கூடாதே என்று, சேர்மக்கனி சுண்ணாம்புக் கோட்டின் மேல் எல்லாம் சிவப்பு ஆயில் பெயிண்ட் அடித்துவிட்டான்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து இசக்கியப்பன் ஒரு வாரத்தில் புரோகிராமை முடித்தான். திரையில், 'மண்டபம் காலியா?' என்று கேட்கும். கீழே ஆமா, இல்லை என்று இரண்டு பொத்தான்.

"தேதியெல்லாம் எங்கல சேர்த்து வச்சிருக்க?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"படத்துல அது இல்லியேண்ணே."

"அப்ப அண்ணாச்சி எதப் பார்த்துப் பதில் சொல்லுவாரு?"

"மண்டபத்தப் பார்த்துத்தான். உள்ள எட்டிப் பார்த்தா தெரிஞ்சிரும்."

இதில் ஏதோ இடிக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியது அவனுக்கு என்பதால் அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவணி பன்னெண்டு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. கோமதிநாயகம் பட்டுவேட்டியும் மாலையுமாக வாசலுக்கு வந்தபோது, பிலோமினா நோட்டோடு குறுக்கே நின்றாள்.

"அண்ணே, நீங்க வெளிய."

அவன் கீழே பார்த்தான். ரோட்டு ஓரத்தில் சிவப்புப் பெயிண்டில் குச்சி மனுஷன் இருந்தான். பக்கத்திலேயே அண்ணாச்சி போட்ட கையெழுத்தும் இருந்தது. கையெழுத்து ஆனதை மீறலாமா என்று யோசித்தான். தன்னால்தான் கம்பெனி பெயர் கெட்டது என்று வரக் கூடாது என்று, குச்சி மனுஷன் மேலேயே போய் நின்றுகொண்டான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. உள்ளே மேளம் கேட்டது. எட்டு வீடு ஏறி இறங்கியும் மணவறை ஏற நமக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் ஒரு வேன் வந்து நின்றது. வீரவநல்லூர் மாப்பிள்ளை மாலையோடு இறங்கினான். கோமதிநாயகம் அவனைப் பார்த்தான், அவன் கோமதிநாயகத்தைப் பார்த்தான். செண்பகவல்லி வீட்டார் இரண்டு பேர் சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

பிலோமினா போய், "நீங்களும் வெளியதான்," என்று அவனிடம் நோட்டைக் காட்டினாள். சேர்மக்கனி பெயிண்ட் டப்பாவோடு ஓடி வந்தான். படத்தைத் தொடக் கூடாதே என்று அவனுக்கு ஒரு சந்தேகம். பழைய குச்சி மனுஷனைத் தொடாமல், பக்கத்தில் புதிதாக ஒருவனை வரைந்தால் குற்றமில்லை என்று பிலோமினா தீர்ப்புச் சொன்னாள். ஈரம் காயும் வரை அந்த மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றான்.

உள்ளே மணவறையில் தனியாக உட்கார்ந்திருந்த செண்பகவல்லி மணி பார்த்தாள். பத்து. எழுந்து புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தாள்.

"இங்க என்ன பண்ணுதீங்க?"

கோமதிநாயகம் பெட்டி, குச்சி மனுஷன், கோடு எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கிச் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"உன்ன வரையல. தேவையில்லன்னு..." என்று அவன் இழுத்தான்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அரை மூளைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"கூட்டிச் சொல்லிட்டீங்க," என்றாள் செண்பகவல்லி. சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் கோமதிநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"படத்துல நான் இல்லன்னா எனக்கு உள்ள வெளியன்னு கிடையாதுல்லா?" என்று அவள் பிலோமினாவிடம் கேட்டாள். பிலோமினா நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள். தடை எதுவும் இல்லை. ஐயரும் படத்தில் இல்லை, ஹோமகுண்டமும் இல்லை, மேளமும் இல்லை. எல்லாம் ரோட்டுக்கு வந்தன. பிலோமினா, "டீ வந்தாச்சா?" என்று கேட்டு, வந்தாச்சு என்று பதில் கிடைத்த பிறகுதான் கெட்டிமேளத்துக்குக் கை காட்டினாள். ஒன்பதரை பஸ் தாமதமாக வந்து, தாலி கட்டும் வரை ஹார்ன் அடிக்காமல் நின்றுவிட்டுப் போனது. பத்தடி தள்ளி, அடுத்த வேனில் பெண்ணும் வந்து இறங்க, வீரவநல்லூர்க் கல்யாணமும் அப்படியே நடந்தது. சண்டை எதுவும் வரவில்லை. கேசரிகூட அவரவர் வீட்டுக் கேசரியாகவே இருந்தது.

கோமதிநாயகம் பெண்டாட்டியோடு அண்ணாச்சியிடம் ஆசீர்வாதம் வாங்கப் போனான். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியிருந்தது. "ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம், ஒரு சத்தம் இல்ல. சாதிச்சுட்டப்பா," என்று தட்டிக்கொடுத்தார். அப்போது அவர் போன் அடித்தது. கடையத்திலிருந்து யாரோ மண்டபம் கேட்டார்கள். அண்ணாச்சி எழுந்து போய், மண்டப வாசலில் தனக்கென்று போட்டுவைத்திருந்த மூன்று நாற்காலியில் முதலாவதில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். 'மண்டபம் காலியா?' என்று அது கேட்டது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஈ காக்கை இல்லை. ஆமா பொத்தானை அழுத்தினார்.

"இன்னைக்கே காலிதான், வாங்க," என்று போனில் சொல்லிவிட்டு, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "ஏ சேர்மக்கனி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எத்தன மாப்பிள்ளை வரையலாம்னு அளந்து சொல்லு."

சேர்மக்கனி டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மாலையைக்கூடக் கழற்றாமல், கோமதிநாயகம் பின்னால் போனான்.